ஸ்விட்ச்சையும் பிஎஸ்5-ஐயும் ஒப்பிடும் அட்டவணை பற்றி

நண்பரே, வீடியோ கேம் கருவிகளின் விற்பனை அட்டவணையில் 2021 மார்ச்சில் முடிந்த ஆண்டுக்கு நின்டெண்டோவின் ஸ்விட்ச் 2.88 கோடி, சோனியின் பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5) வெறும் 78 லட்சம் என்று போட்டு, 'பிஎஸ்5 தேறாது போலிருக்கே, அடுத்த வருஷங்களை எப்படிக் கணிப்பது?' என்று கேட்டிருக்கிறீர்கள். எண்கள் சரிதான். ஆனால் அந்த ஆண்டில் பிஎஸ்5 கடைக்கு வந்ததே நவம்பரில்தான். ஸ்விட்ச்சுக்கோ அது உச்ச ஆண்டு, ஊரடங்கு வேறு.

ஒவ்வொரு கருவிக்கும் அது வெளியான மாதத்திலிருந்து முதலாம் ஆண்டு, இரண்டாம் ஆண்டு என்று எண்ணி வரிசையை மாற்றுங்கள். நின்டெண்டோ, சோனி இரண்டுக்கும் ஏப்ரல் முதல் மார்ச் வரைதான் நிதியாண்டு, கருவிகள் வந்ததோ அதன் இடையில், அதனால் முதல் வரி எப்போதும் அரைகுறை. ஸ்விட்ச்சின் முதல் வரியான 27.4 லட்சத்தைப் பாருங்கள், அது 2017 மார்ச் மாதம் மட்டும்!

கணிப்புக்கு நேர்கோடு உதவாது. ஸ்விட்ச் 2.88 கோடியிலிருந்து 2.31, 1.80, 1.57 என்று இறங்கி, 2025 மார்ச்சில் முடிந்த ஆண்டில் 1.08 கோடிக்கு வந்தது. பிஎஸ்5-இன் இரண்டாம் ஆண்டு 1.15 கோடியை வைத்தும் கோடு இழுக்காதீர்கள். அப்போது சிப் தட்டுப்பாடு. வாங்க ஆள் இருந்தது, பெட்டிதான் இல்லை. நிறுவனத்தின் இலக்கையும் அப்படியே நம்பவேண்டாம். 2024 மார்ச்சில் முடிந்த 2023 நிதியாண்டுக்கு பிஎஸ்5 2.5 கோடி விற்கும் என்ற சோனியே நடுவில் 2.1 ஆகக் குறைத்து, கடைசியில் 2.08-இல் நின்றது.

அப்புறம், அட்டவணையில் எக்ஸ்பாக்ஸ் கருவிக்கான நெடுவரிசையை எடுத்துவிடுங்கள். அதைத் தயாரிக்கும் மைக்ரோசாஃப்ட் விற்பனை எண்ணிக்கை சொல்வதை நிறுத்திப் பல வருஷமாகிறது, நீங்கள் போட்டிருப்பது யாரோ ஒருவரின் உத்தேசம்.