தேதி இல்லாத ரிப்போர்ட்டை வைத்து என்ன செய்வது?
கால்நடை ஹார்மோன் பரிசோதனை: வாசகர் கேள்விகள்

மருந்துக் கடையில் பெண்களுக்கு விற்கும் கர்ப்பப் பரிசோதனை அட்டையில் பசுவின் சிறுநீரை விட்டுப் பார்க்கலாமா? (செய்யாறு வாசகர்)

வேண்டாம். அந்த அட்டை தேடும் ஹெச்.சி.ஜி., கர்ப்பிணிப் பெண்ணுக்குச் சுரக்கும் ஹார்மோன், பசுவுக்குச் சுரப்பதே இல்லை. நிறைசினை மாட்டுக்கும் ஒரு கோடுதான் விழும்.

என் கலப்பினப் பசுவுக்கு ரத்தத்தில் புரோஜெஸ்டிரோன் (சினையைக் காக்கும் ஹார்மோன்) 0.4 என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. மலட்டு மாடு, தள்ளிவிடு என்கிறார்கள். விற்றுவிடலாமா? (கோபி வாசகர்)

கடைசியாக எப்போது பருவத்துக்கு வந்தது? ரத்தம் எடுத்தது என்றைக்கு? எடுத்த எத்தனை மணி நேரத்தில் ஆய்வகத்துக்குப் போனது? மூன்றும் கடிதத்தில் இல்லை. மாட்டை வைத்துக்கொள்வதா, அடிமாட்டுக்கு அனுப்புவதா என்று கேட்கிறவர் ஒரு தேதியையாவது எழுத வேண்டாமா?

பசுவின் 21 நாள் சுழற்சியில் புரோஜெஸ்டிரோன் ஒரே அளவில் நிற்பதில்லை. பருவத்தன்றும், அதற்கு முந்திய ஓரிரு நாட்களும், பிந்திய மூன்று நான்கு நாட்களும் எந்த நல்ல பசுவுக்கும் அது மில்லிக்கு 1 நானோகிராமுக்குக் கீழேதான் இருக்கும். பிறகு கார்பஸ் லூட்டியம் (முட்டை வெளிவந்த இடத்தில் சினைப்பையில் உருவாகி, புரோஜெஸ்டிரோனைச் சுரக்கும் திசு) வளர வளர அளவும் ஏறும். கரு தங்காவிட்டால் 17, 18ஆம் நாளில் மறுபடி சரியும். ஆக, மூன்றில் ஒரு பங்கு நாட்களில் எந்தப் பசுவைச் சோதித்தாலும் ‘குறைவு’ என்றுதான் வரும். பருவத்தில் கண்ணாடி போல் வழும்பு ஒழுகிக்கொண்டிருந்த பசுவுக்கு அன்றைக்கே ரத்தம் எடுத்து, ‘ஹார்மோன் இல்லை’ என்று சந்தைக்கு ஓட்டிப் போனதைப் பார்த்திருக்கிறேன். சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்) போட அதைவிட நல்ல நாள் கிடையாது. வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

இன்னொன்று, மாட்டு ரத்தத்தின் சிவப்பணுக்களே புரோஜெஸ்டிரோனைச் சிதைத்துவிடும். வாலடியில் எடுத்த ரத்தத்தை பைக் பெட்டியில் போட்டுக்கொண்டு ஊரெல்லாம் சுற்றி, சாயங்காலம் ஆய்வகத்தில் கொடுத்தால், அளவு பாதிக்கும் கீழே போயிருக்கும். எடுத்த கையோடு ஐஸில் வையுங்கள். தாமதிக்காமல் சிவப்பணுக்களிலிருந்து பிளாஸ்மாவை (ரத்தத்தின் திரவப் பகுதி) பிரிக்கச் சொல்லுங்கள்.

பத்து நாள் இடைவெளியில் இரண்டு ரத்த மாதிரி எடுங்கள். இரண்டில் ஏதாவது ஒன்று 1க்கு மேல் இருந்தால் சினைப்பை வேலை செய்கிறது, நீங்கள்தான் பருவத்தைத் தவறவிடுகிறீர்கள். இரண்டுமே குறைவு என்றாலும் மலடு என்று அர்த்தமில்லை. தீவனம், தாது உப்பு, குடற்புழு நீக்கம் மூன்றையும் சரிசெய்து, கால்நடை மருத்துவரிடம் கருப்பையைக் காட்டுங்கள். விற்பதைப் பிறகு பேசலாம்.

சினை ஊசி போட்ட 22ஆம் நாள் பால் பரிசோதனையில் சினை என்றார்கள். இரண்டு மாதம் கழித்துக் கைவிட்டுப் பார்த்தவர் இல்லை என்கிறார். யார் சொல்வது பொய்? (தாராபுரம் வாசகர்)

இருவருமே பொய் சொல்லவில்லை. பாலில் புரோஜெஸ்டிரோன் குறைவாக இருந்தால் சினை இல்லை என்பது ஏறக்குறைய உறுதி. அதிகமாக இருந்தால் நூற்றுக்கு 75, 80தான் நம்பலாம். நடுவில் கரு அழிந்திருக்கலாம், கருப்பையில் சீழ் இருக்கலாம், ஊசி போட்ட நாளே தப்பாக இருக்கலாம். காலியாக நிற்கும் மாட்டைச் சீக்கிரம் கண்டுபிடிக்கத்தான் இந்தச் சோதனை. சினையை உறுதிசெய்ய 60ஆம் நாள் கைப்பரிசோதனை வேண்டும். கடைசிக் கறவையில் கொழுப்போடு புரோஜெஸ்டிரோனும் கூடும். ஒரு தடவை முதல் பால், மறு தடவை கடைசிப் பால் என்று மாற்றிக் கொடுக்காதீர்கள்.

எருமை பருவக்குறியே காட்டவில்லை. புரோஸ்டாகிளாண்டின் ஊசி போட்டால் வந்துவிடும் என்கிறார்களே? (மணப்பாறை வாசகர்)

கோடையில் எருமைக்கு ஊமைப் பருவம், அதாவது வெளிக்குறி காட்டாத பருவம், சகஜம். கோபிக்காரருக்குச் சொன்ன இரண்டு மாதிரிதான் உங்களுக்கும், தேதியோடு. அந்த ஊசி கார்பஸ் லூட்டியத்தைக் கரைத்துத்தான் பருவத்தைக் கொண்டுவரும், அது இருந்தால்தான் வேலை செய்யும். சினையாக இருந்தாலோ கரு கலைந்துவிடும். சினை இல்லை என்று மருத்துவர் உறுதிசெய்யாமல் போடவே கூடாது. அந்த மருந்து தோல் வழியாகவும் உடலுக்குள் இறங்கும். வீட்டில் கர்ப்பிணிகளோ ஆஸ்துமா உள்ளவர்களோ அதைத் தொட வேண்டாம்.

லாப்ரடாருக்கு ரத்தக்கசிவு தொடங்கிய எத்தனையாம் நாள் ஆண் நாயைச் சேர்ப்பது? (திருச்சி வாசகர்)

நாள் கணக்கு எல்லா நாய்க்கும் ஒத்துவராது. ஐந்தாறு நாளில் ஆரம்பித்து, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை புரோஜெஸ்டிரோன் பாருங்கள். 2 நானோகிராம் வாக்கில் எல்.ஹெச். (முட்டையை வெளிவரச் செய்யும் ஹார்மோன்) எகிறும், 5 வாக்கில் முட்டை வெளிவரும். வெளிவந்த முட்டை முதிர இரண்டு நாள் ஆகும் என்பதால், 5ஐத் தொட்ட இரண்டாம் மூன்றாம் நாள் சேர்ப்பது சரி. எல்லாச் சோதனையும் ஒரே ஆய்வகத்தில் இருக்கட்டும். ஜெல் உள்ள குழாயில் ரத்தம் வேண்டாம், அளவு குறைத்துக் காட்டும். ரிப்போர்ட் நானோமோலில் இருந்தால் 3.2ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். தேதியைக் குறித்து வையுங்கள், முட்டை வெளிவந்த நாளிலிருந்து 63 நாளில் குட்டி.

சேர்த்து 30 நாள் ஆன நாய்க்குப் புரோஜெஸ்டிரோன் அதிகம். குட்டி உண்டுதானே? (மதுரை வாசகர்)

சொல்ல முடியாது. ஆண் நாயே சேராவிட்டாலும் இரண்டு மாதம் அப்படித்தான் இருக்கும். ஸ்கேன் எடுங்கள், அல்லது ரிலாக்சின் (சினை நாய்க்கு மட்டும் ஏறும் ஹார்மோன்) பாருங்கள். புரோஜெஸ்டிரோன் மறுபடி உதவுவது கடைசி வாரத்தில்தான். அது 2க்குக் கீழே இறங்கினால் ஏறக்குறைய ஒரு நாளில் குட்டி போடும். தாய்க்கும் குட்டிகளுக்கும் ஆபத்து இல்லாதவரை, அதற்கு முன்னால் சிசேரியனுக்கு அவசரப்படுத்தாதீர்கள்.