வீடு பட்டறையில் நிற்கும் நாட்களில் எங்கே தூங்குவீர்கள்?

கேள்வி: வணக்கம் சார். நியூ ஜெர்சி எடிசனில் பல வருடமாக இருக்கிறோம். எனக்கு 56 வயது, மனைவிக்கு 53. மகன் படிப்பை முடித்து வேலைக்குப் போய்விட்டான். வரும் ஏப்ரலில் வேலையை விட்டு, வீட்டை விற்று, டிரக்கால் இழுத்துச் செல்லும் வீடான 30 அடி டிராவல் ட்ரெய்லரில் முழுநேரமாகக் குடியேறி அமெரிக்காவைச் சுற்றிவரத் திட்டம். வீடு இன்றைக்கு 6.2 லட்சம் டாலர் போகும், வாங்கியது 3.9 லட்சத்துக்கு, கடன் 1.1 லட்சம் பாக்கி. என் 401கே என்ற நிறுவன ஓய்வுக்காலச் சேமிப்பில் 9.4 லட்சம், வங்கியில் 45,000. இழுத்துச் செல்ல பிக்-அப் டிரக் ஏற்கெனவே வாங்கியாயிற்று. புது ட்ரெய்லர் 68,000 டாலர். 14,000 கையிலிருந்து, மீதி 15 வருடக் கடன், 8.5 சதவீத வட்டி. டீலர் 6,500 டாலருக்கு நீட்டிப்பு வாரன்டியும் எடுக்கச் சொல்கிறார். மனைவி பகுதிநேரமாக ஆன்லைனில் கணக்கு வேலை பார்க்கிறாள், மாதம் 2,000 வரும்.

எங்கள் மாத பட்ஜெட்: ட்ரெய்லர் நிறுத்தும் கேம்ப்கிரவுண்ட் வாடகை 900, டீசல் 450, சாப்பாடு 700, மருத்துவக் காப்பீடு 600, வண்டிக் காப்பீடு 200, போன்-இன்டர்நெட் 200, ட்ரெய்லர் கடன் 532, பழுது 100, மற்றவை 218. மொத்தம் 3,900 டாலர். இது போதுமா? கோவையில் அம்மாவுக்கு 81 வயது. வருடம் ஒருமுறையாவது போய்வர வேண்டும்.

பதில்: பட்டியலைப் பார்க்கிற யாரும் பழுதுக்கு ஒதுக்கிய 100 டாலரைத்தான் முதலில் பிடிப்பார்கள். அது போதாதுதான். ஆனால் என்னை உறுத்தியது உங்கள் பட்டியலில் இடமே பெறாத ஒரு செலவு. ட்ரெய்லர் பட்டறையில் நிற்கிற நாட்களில் நீங்கள் இருவரும் எங்கே தூங்குவீர்கள்?

கார் கெட்டால் வீட்டில் உட்கார்ந்து காத்திருக்கலாம். உங்களுக்கு வண்டிதான் வீடு. அது உள்ளே போனால் படுக்கை, அடுப்பு, உங்கள் மனைவியின் ஆபீஸ் எல்லாம் கூடவே உள்ளே போய்விடும். வளாகத்தில் நிற்கும் ட்ரெய்லரில் இரவு தங்கப் பல பட்டறைகள் விடுவதில்லை.

மூன்று வருடம் முன்பு என்னிடம் வந்த ஒரு தம்பதியின் கதை இது. நியூ மெக்சிகோவில் டுகும்காரி பக்கம், ஐ-40 நெடுஞ்சாலைப் பள்ளம் ஒன்றில் இறங்கி ட்ரெய்லரின் ஆக்சில், அதாவது சக்கர அச்சு, வளைந்துவிட்டது. உள்ளூர் மெக்கானிக் பத்தே நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டார். ஆனால் ஆக்சில் கடை அலமாரியில் இருக்கும் சாமான் இல்லை. வண்டியின் அகலத்துக்கும் எடைக்கும் ஏற்பச் செய்து அனுப்ப வேண்டும். அமெரிக்காவின் ட்ரெய்லர்களில் பெரும்பாலானவை இந்தியானா மாநிலத்தின் எல்கார்ட் வட்டாரத்தில் உருவாகின்றன, இந்த ஆக்சிலும் அங்கிருந்துதான் வர வேண்டியிருந்தது. 26 நாள் ஆனது. பட்டறை பில் 1,900 டாலர். மோட்டலுக்கு ஒரு இரவு 90 வீதம் 2,340. அடுப்பில்லாத அறை என்பதால் சாப்பாட்டில் கூடுதலாக 400. முன்பதிவு செய்து போக முடியாமல் போன இரண்டு கேம்ப்கிரவுண்டுகளில் 310. ஆகப் பழுதுக்கு 1,900, காத்திருந்ததற்கு 3,050. காப்பீட்டு நிறுவனம் கொடுத்தது, வண்டியை இழுத்து வந்த கூலி மட்டும்.

அதனால் இரண்டு மாற்றம் சொல்கிறேன். பழுது, பராமரிப்புக்கு ஒதுக்கிய தொகையை 100-லிருந்து 350 ஆக்குங்கள். ட்ரெய்லர் டயர்கள் தேய்வதற்கு முன்பே மூப்படைந்து போகும். பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண் அது தயாரான வாரத்தையும் ஆண்டையும் சொல்லும்; ஐந்து வருடம் ஆனதும், பார்க்கப் புதிதாக இருந்தாலும், மாற்றுவது நல்லது. சக்கர பேரிங்குகளைக் கழற்றிப் புது கிரீஸ் போடுவது வருடத்துக்கு ஒருமுறை. கூரையில் துவாரங்களைச் சுற்றித் தண்ணீர் புகாமல் அடைத்திருக்கும் சீலன்டை மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏறிப் பாருங்கள். நம் ஊர் ஓட்டு வீட்டில் ஓடு விலகினால் முற்றத்தில் சொட்டும், உடனே தெரியும். இதில் தண்ணீர் சுவருக்குள்ளேயே இறங்கி மரச்சட்டத்தை அரித்துவிடும். வெளிச்சுவர் உப்பிக்கொண்டு வரும்போதுதான் கண்ணில் படும். ட்ரெய்லர் மதிப்பை ஒரே அடியில் பாதியாக்குவது விபத்தைவிட இந்த ஈரம்தான்.

இரண்டாவது, 10,000 டாலரைத் தனி சேமிப்புக் கணக்கில் போட்டுக் ‘காத்திருப்புப் பணம்’ என்று பெயர் வையுங்கள். மோட்டல், வெளிச்சாப்பாடு, பறிபோன முன்பதிவு, இவற்றுக்கு மட்டும் அதில் கை வையுங்கள். டயருக்கோ பேட்டரிக்கோ அதை எடுக்க ஆரம்பித்தால் அடுத்த தடவை மறுபடியும் கிரெடிட் கார்டுதான்.

டீலரின் 6,500 டாலர் வாரன்டி வேண்டாம். இத்தகைய ஒப்பந்தங்களில் நீர்க்கசிவு, சீலன்ட், தேய்மானம் என்று முழுநேரம் வாழ்கிறவர்களை அதிகம் படுத்துகிற விஷயங்களே விலக்குப் பட்டியலில் இருக்கும். வேலையைத் தொடங்குவதற்கு முன் அவர்களின் அனுமதி வேண்டும். பெரிய பழுதென்றால் ஆள் அனுப்பிப் பார்த்த பிறகுதான் தருவார்கள். அதாவது காத்திருப்பு இன்னும் நீளும். தயாரிப்பாளரின் ஒரு வருட வாரன்டியையும் எழுத்தெழுத்தாகப் படியுங்கள். இது பொழுதுபோக்கு உபயோகத்துக்கான வண்டி, நிரந்தரக் குடியிருப்புக்கு அல்ல என்று பல நிறுவனங்கள் அதிலேயே எழுதி வைத்திருக்கின்றன. காப்பீட்டிலும் அதே கதைதான். ‘ஃபுல்-டைமர்’ பாலிசி என்று கேட்டு வாங்குங்கள். வாரக் கடைசிப் பயணத்துக்கான பாலிசியை எடுத்துக்கொண்டு அதிலேயே குடியிருந்தால், கிளெய்ம் வரும் நாளில் கையை விரிப்பார்கள்.

எனக்குப் புது ட்ரெய்லரே சரியாகப் படவில்லை. 54,000 கடனுக்கு 15 வருடத்தில் வட்டி மட்டும் சுமார் 41,700. ஐந்து வருடம் கழித்தும் 42,900 டாலர் பாக்கி நிற்கும். அன்றைக்கு அந்த வண்டி 34,000-க்குப் போனாலே பெரிய விஷயம். பிடிக்காமல் விற்க நினைத்தால் கையிலிருந்து பணம் போட்டு விற்க வேண்டும். வட்டிக்கு வரி விலக்கு உண்டு என்று டீலர் சொல்லியிருப்பார். படுக்கை, சமையல், கழிப்பறை மூன்றும் இருந்தால் வருமானவரித் துறை அதை வீடாகவே ஏற்றுக்கொள்ளும் என்பது உண்மை. ஆனால் செலவுகளைத் தனித்தனியாகக் காட்டிக் கழிப்பவர்களுக்குத்தான் அது பலன் தரும். அப்படிக் காட்டாமலே தம்பதிக்கு 2025-இல் கிடைத்த நிலையான கழிவே 31,500 டாலர். உங்கள் வட்டி அதைத் தாண்ட உதவாது.

மூன்று, நான்கு வருடம் ஓடிய வண்டியை 28,000-க்குள் ரொக்கமாக வாங்குங்கள். வாங்கும் முன் விற்பவருக்குச் சம்பந்தமில்லாத இன்ஸ்பெக்டரை வைத்துக் கூரையையும் சுவர் ஈரத்தையும் சோதியுங்கள்; அந்தக் கூலியில் கஞ்சத்தனம் வேண்டாம். டிரக் ஓட்டுநர் கதவின் சட்டத்தில் மஞ்சள் ஸ்டிக்கர் இருக்கும், அதையும் பாருங்கள். அதில் உள்ள பேலோட் எண், அதாவது டிரக் தன்மேல் தாங்கும் சுமை, அதுதான் கணக்கு. ‘இத்தனை பவுண்டு இழுக்கும்’ என்ற விளம்பர எண் அல்ல. 8,800 பவுண்டு ட்ரெய்லர் என்றால் கொக்கியில் விழும் பாரமே சுமார் 1,144. உங்கள் இருவருக்கும் 320, இணைக்கும் ஹிட்ச் கருவிக்கு 80 சேர்த்தால் 1,544. ஸ்டிக்கரில் 1,500 என்று இருந்தால் அரிசி மூட்டை ஏற்றும் முன்பே எல்லை தாண்டியாயிற்று. டிரக்கை மாற்ற வேண்டி வந்தால் பட்ஜெட்டே மாறிவிடும்.

இனி வீடு. ஏப்ரலில் விற்காதீர்கள். நிம்மதியாகச் சுற்றத்தான் விற்கிறோம் என்பீர்கள், புரிகிறது. ஆனால் இந்த வாழ்க்கையை நீங்கள் ஒரு வாரம்கூட வாழ்ந்து பார்த்ததாக எழுதவில்லை. மத்திய வரிச் சட்டத்தில், விற்பதற்கு முந்தைய ஐந்து வருடத்தில் இரண்டு வருடம் அதில் சொந்தமாகக் குடியிருந்திருந்தால், தம்பதிக்கு 5 லட்சம் டாலர் வரை லாபத்துக்கு வரி இல்லை. உங்கள் லாபம் 2.3 லட்சம்தான். ஆக, நீங்கள் வெளியேறிய நாளிலிருந்து மூன்று வருடம் வரை வாடகைக்கு விட்டாலும் இந்தச் சலுகை கைவிட்டுப் போகாது. வாடகைக் காலத்தில் வீட்டின் தேய்மானம் என்று வரிக் கணக்கில் கழித்த தொகைக்கு மட்டும் 25 சதவீதம் வரை வரி வரும். சொத்து வரி, கடன் தவணை போக வாடகையில் பெரிதாக மிஞ்சாது. மிஞ்ச வேண்டியதும் இல்லை, திரும்பி வர ஓர் இடம் இருந்தால் போதும்.

ஒரு எச்சரிக்கை. நியூ ஜெர்சியில் ஒப்பந்தக் காலம் முடிந்தது என்பதற்காக மட்டும் வாடகைதாரரை வெளியேற்ற முடியாது. சட்டம் சொல்லும் காரணம் வேண்டும். நீங்களே குடிவருவது, குடியிருக்கவே வாங்குபவருக்கு விற்பது போன்றவை அதில் அடங்கும். ஒப்பந்தத்தை வழக்கறிஞரை வைத்து எழுதுங்கள். நண்பரின் நண்பர் என்று வாய்ப்பேச்சில் விட்டுவிடாதீர்கள். இதில் நம்மவர்கள் மாட்டிக்கொள்வதை நிறையப் பார்த்துவிட்டேன்.

வேலையில் இருக்கும்போதே வீட்டை ஈடாக வைத்துத் தேவைப்படும்போது கடன் எடுக்க உதவும் ஹோம் ஈக்விட்டி கிரெடிட் லைன் ஒன்றுக்கு விண்ணப்பியுங்கள். சம்பளச் சீட்டு இல்லாதவருக்கு அதை வாங்குவது கஷ்டம். எடுத்துச் செலவழிக்க அல்ல. 45,000-இல் வண்டிக்கும் காத்திருப்புப் பணத்துக்கும் போக 7,000 மட்டுமே மீதி இருக்கும் என்பதால் முதுகுக்கு ஒரு சுவர்.

மாதச் செலவில் மனைவியின் வருமானம் போக மீதியை 401கே-யிலிருந்து எடுக்கலாம். 55 வயது ஆகும் வருடத்திலோ அதற்குப் பிறகோ வேலையை விட்டால், அந்த நிறுவனத் திட்டத்திலிருந்து 10 சதவீத அபராதம் இல்லாமல் எடுக்கச் சட்டம் அனுமதிக்கிறது. வருமான வரி வழக்கம் போல் உண்டு. பணம் அதே திட்டத்தில் இருக்க வேண்டும். யாராவது ‘ஐஆர்ஏ-வுக்கு (தனிநபர் ஓய்வுக்காலக் கணக்கு) மாற்றிவிடலாம்’ என்று படிவம் நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள். மாற்றினால் அந்தச் சலுகை போய்விடும். பகுதி பகுதியாக எடுக்க உங்கள் திட்டம் விடுகிறதா என்று இப்போதே எச்ஆரிடம் கேளுங்கள்.

மருத்துவக் காப்பீட்டுக்கு 600 போதாது. உங்கள் வயதுக்கு, அரசு உதவி இல்லாமல், இருவருக்கும் அதைப் போல் பல மடங்கு ஆகும். உதவி எவ்வளவு என்பது நீங்கள் 401கே-யிலிருந்து எடுக்கும் தொகையைப் பொறுத்தது. முதல் 18 மாதம் கோப்ரா என்ற சட்டத்தின் மூலம் ஆபீஸ் காப்பீட்டைத் தொடரலாம். அதன் முழு விலையையும் நீங்களே கட்ட வேண்டும், ஆனால் பழைய டாக்டர்கள் மாற மாட்டார்கள். முழுநேரப் பயணிகள் பலர் மாநில வருமான வரி இல்லாத டெக்சாஸ், ஃபுளோரிடா, தெற்கு டகோட்டா மூன்றில் ஒன்றுக்கு முகவரியை மாற்றிக்கொள்கிறார்கள். வரியை மட்டும் பார்த்து ஓடாதீர்கள். அரசு உதவியோடு தனியாக வாங்கும் மார்க்கெட்பிளேஸ் காப்பீடு நீங்கள் முகவரி வைத்திருக்கும் கவுன்டியோடு ஒட்டியது. வெளியே போனால் பல திட்டங்களில் அவசர சிகிச்சைக்கு மட்டும்தான் பணம். முதல் வருடம் நியூ ஜெர்சிக்காரர்களாகவே இருங்கள். வீட்டு வாடகைக்கு எப்படியும் அங்கே வரி கட்டத்தான் வேண்டும்.

கேம்ப்கிரவுண்டுக்கு 900 என்பது ஒரே இடத்தில் மாதக் கணக்கில் தங்கினால் நடக்கும். அப்படித் தங்கினால் மின்சாரத்துக்கு மீட்டர்படி தனி பில் வரும். இரண்டு நாளுக்கொரு ஊர் என்று பறந்தால் நடக்காது. மெதுவாகப் போவதில் இன்னொரு லாபம்: ஒரு மாதம் தங்கும் ஊரில் மொபைல் மெக்கானிக்கை இடத்துக்கே வரவழைக்கலாம், ட்ரெய்லர் பட்டறைக்குப் போகவே வேண்டாம். டெக்சாஸின் ஏதென்ஸ் நகரில் உள்ள தேசிய ஆர்வி (ட்ரெய்லர் போன்ற வீட்டு வண்டிகள்) பயிற்சி அகாடமியில் உரிமையாளர்களுக்கே வகுப்பு நடத்துகிறார்கள். உங்களில் ஒருவராவது போய்வாருங்கள்.

திருத்திய பட்ஜெட்: கடன் தவணை 532 போய்விட்டது. பராமரிப்பில் 250 கூடியது. மருத்துவக் காப்பீட்டில் குறைந்தது 1,200 கூட்டுங்கள். சுமார் 4,800 டாலர் வருகிறது, மின்சாரம் தனி. மனைவியின் 2,000 போக மீதி 2,800-ஐயும் வரியையும் 9.4 லட்சம் தாங்கும்.

கோவைப் பயணம் இதில் சேரவில்லை. இரண்டு விமானச் சீட்டு மட்டுமா? நீங்கள் ஊரில் இருக்கும் வாரங்களில் ட்ரெய்லரை எங்காவது ஸ்டோரேஜில் நிறுத்த வேண்டும்; அதற்கு வாடகை. ஜனவரியில் வடக்கே விட்டுவிட்டுப் போனால் குழாய்த் தண்ணீர் உறைந்து வெடிக்கும், வடித்துவிட்டு ஆன்டிஃப்ரீஸ் ஊற்ற ஆள் வேண்டும். குளிர்காலத்தைத் தெற்கு டெக்சாஸிலோ அரிசோனாவிலோ கழிக்கும்படி வழியை அமைத்து, அங்கிருந்து ஊருக்குப் போய்வாருங்கள். 81 வயது அம்மாவுக்காகத் திடீரென்று கிளம்ப வேண்டி வந்தால் அன்றைய விலைக்கு டிக்கெட் எடுக்க வேண்டியிருக்கும். இருவருக்கும் ஒரு அவசரப் பயணத்துக்கான பணத்தை அந்த 7,000-இல் இப்போதே ஒதுக்கிவிட்டு, பிறகு ட்ரெய்லருக்குப் பணம் கொடுங்கள்.