மேமோகிராம் எடுத்தாயிற்று, அல்ட்ராசவுண்ட் எதற்கு?

கேள்வி: எனக்கு வயது 46. முதல்முறையாக மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எடுத்தேன். ‘திசு அடர்த்தி சி, பைராட்ஸ் 0, அல்ட்ராசவுண்ட் தேவை’ என்று அறிக்கை வந்திருக்கிறது. கட்டி எதுவும் கைக்குத் தட்டுப்படவில்லை. நேராக எம்.ஆர்.ஐ. எடுத்துவிட்டால் எல்லாம் தெரிந்துவிடாதா?

பதில்: முதலில் அந்தப் பூஜ்யம். பைராட்ஸ் என்பது மார்பகப் படத்தில் தெரிவதை எண்ணால் தரம்பிரிக்கும் முறை. அது புற்றுநோய் என்று சொல்லவில்லை. ‘இந்தப் படத்தை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது, இன்னும் பார்க்க வேண்டும்’ என்கிறது, அவ்வளவுதான்.

மேமோகிராமில் கொழுப்பு கறுப்பாகத் தெரியும், சுரப்பித் திசு வெள்ளையாகத் தெரியும். சிக்கல் என்னவென்றால், புற்றுக்கட்டியும் வெள்ளைதான். உங்களைப்போலச் சுரப்பித் திசு அதிகம் இருந்தால் (அடர்த்தியை ‘ஏ’ முதல் ‘டி’ வரை பிரிப்பார்கள், உங்களுடையது ‘சி’) வெள்ளைக்குள் வெள்ளை மறைந்துவிடும். அல்ட்ராசவுண்டில் அதே திசு வெளுப்பாகவும் கட்டி பெரும்பாலும் கறுப்பாகவும் தெரிவதால் வித்தியாசம் பிடிபடுகிறது. நீர்க்கட்டியா, திடக்கட்டியா என்பதும் அங்கேயே தெரிந்துவிடும். அப்படியானால் மேமோகிராமே வேண்டாமே என்று நினைக்காதீர்கள். ஆரம்பநிலைப் புற்று சில சமயம் பொடிப்பொடியான கால்சியத் துகள்களாக மட்டுமே தலைகாட்டும். அவற்றை அல்ட்ராசவுண்ட் பெரும்பாலும் தவறவிடும்.

ஜப்பானில் 40 முதல் 49 வயதுப் பெண்களிடம் நடந்த ஜே-ஸ்டார்ட் ஆய்வின் முடிவு 2016இல் வந்தது. மேமோகிராம் மட்டும் எடுத்தபோது 77 சதவீதப் புற்றுகள் சிக்கின. அல்ட்ராசவுண்டும் சேர்ந்தபோது 91 சதவீதம். ஆனால் புற்றே இல்லாமல் சந்தேகப் பட்டியலில் விழுந்தவர்களும் நூற்றுக்குச் சுமார் 9 பேரிலிருந்து 12 பேராகக் கூடினார்கள். வீண் பயம், சிலருக்கு வீண் பயாப்ஸி (திசுவை எடுத்துச் சோதிப்பது). இந்த விலையைச் சொல்லாமல் ‘எல்லா ஸ்கேனும் எடுத்துவிடுங்கள்’ என்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

எம்.ஆர்.ஐ. பார்ப்பது ரத்த ஓட்டத்தை. ஊசியில் ஏற்றும் மருந்தைப் புற்று சட்டென்று உறிஞ்சிப் பளிச்சிடும். மூன்றிலும் கூர்மையானது இதுதான். ஆனால் தீங்கற்ற கட்டிகளும் இதில் பளிச்சிடுவதுண்டு. மார்பகப் புற்று அபாயத்தைக் கூட்டும் பிஆர்சிஏ மரபணு மாற்றம் உள்ளவர்களுக்கும், இளவயதில் மார்புக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவர்களுக்கும் ஆண்டுதோறும் இதைப் பரிந்துரைக்கிறார்கள். அடர்த்தி மிக அதிகமான ‘டி’ வகைக்கும் பலன் உண்டு. நெதர்லாந்து ஆய்வொன்றில், இரண்டு வழக்கமான மேமோகிராம்களுக்கு நடுவே வெளிப்படும் புற்று, எம்.ஆர்.ஐ.யும் சேர்ந்தபோது ஆயிரம் பெண்களுக்கு 5இலிருந்து 2.5 ஆகக் குறைந்தது.

நீங்கள் ‘சி’. தாய், சகோதரிக்கு மார்பகப் புற்றோ சினைப்பைப் புற்றோ வந்திருந்தால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள், கணக்கு மாறலாம். இல்லையென்றால் இப்போதைக்கு அல்ட்ராசவுண்ட்தான் அடுத்த படி. அதில் சந்தேகமான திடக்கட்டி தெரிந்தால் ஊசி பயாப்ஸிதான் பதில் சொல்லும், எம்.ஆர்.ஐ. அதற்கு மாற்று அல்ல.

அப்புறம், போகும்போது அறிக்கையோடு மேமோகிராம் படங்களையும் எடுத்துச் செல்லுங்கள். எந்த இடத்தில் சந்தேகம் என்று தெரிந்தால்தான் ஸ்கேன் செய்பவர் அங்கே நின்று நிதானமாகப் பார்ப்பார்.