சிவனொளிபாதமலைக்குப் பிள்ளைகளோடு: ராத்திரியா, பகலா?

கேள்வி: அக்கா, பெப்ரவரியில் சிவனொளிபாதமலை போக இருக்கிறோம். மகளுக்கு எட்டு வயது, மகனுக்கு ஐந்து. ராத்திரியே ஏறி உச்சியில் சூரிய உதயம் பார்த்தே ஆக வேண்டும் என்கிறார் வீட்டுக்காரர். பிள்ளைகளால் முடியுமா?
– ஒரு வாசகி, மட்டக்களப்பு

பதில்: ஏறிவிடுவார்கள் தங்கச்சி. மூத்தவள் உங்களுக்கு முன்னால் போய் நிற்பாள். எனக்குப் பயமெல்லாம் உங்கள் வீட்டுக்காரரின் உதயத்தை நினைத்துத்தான்.

நான் மஸ்கெலியாக்காரி. என் மகனுக்கு ஆறு வயதாக இருந்தபோது, ஊர்க்காரி என்ற திமிரில், போயா (பௌர்ணமி) ராத்திரி ஒரு மணிக்கு மலையடி நல்லதண்ணியிலிருந்து அவனைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். கடைசி ஏற்றமான மஹகிரிதம்பவில் கூட்டம் அப்படியே நின்றுவிட்டது. ஒரு படி ஏறினால் பத்து நிமிஷம் நிற்க வேண்டும். பிள்ளை கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டே தூங்கினான். வேர்த்த சட்டை குளிரில் ஒட்டிக்கொள்ள, பல் கிட்டத் தொடங்கியது. உச்சி விளக்கு தலைக்கு மேல் தெரிந்தது. திரும்பிவிட்டோம். ஏறுகிற சனத்துக்கு எதிரே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்கியது அதைவிடப் பெரிய பாடு.

அடுத்த வருஷம் ஒரு செவ்வாய்க்கிழமை விடிய ஆறு மணிக்கு ஏறினோம். நடுவழியிலேயே மலை அவனுக்குப் பிடித்துவிட்டது. தேயிலைக் காடு, சமாதான தாதுகோபம் என்ற பௌத்த தூபி, சீத்த கங்குல ஓடை எல்லாம் கண்ணுக்குத் தெரிந்தன. இந்திகட்டுபானவில் யாத்திரிகர் குத்திவிட்டுப் போன ஊசிநூலைப் பிரிக்கப் பார்த்துக் குட்டும் வாங்கினான். பதினொரு மணிக்கு உச்சி. எத்தனையாவது தடவை வருகிறோமோ அத்தனை முறை மணி அடிப்பது வழக்கம். இவன் ஏழு அடித்தான்! போன வருஷத்துக் கடனாம்.

பகலில் போனால் ஒன்றை இழப்பீர்கள், மறைக்கமாட்டேன்: உதயத்தில் மேற்கே முக்கோணமாக விழும் மலை நிழல். அது பெரியவர்களுக்கு. ஐந்து வயதுக்குக் கடையில் ரொட்டியும் சூடான தேத்தண்ணியும் போதும்.

நல்லதண்ணிப் பாதையிலேயே போங்கள். இரத்தினபுரிப் பாதை நீளம், சின்னவனுக்கு ஆகாது. நல்லதண்ணிப் பாதையிலேயே ஏறத்தாழ 5,500 படி, 1,000 மீற்றர் உயரம் ஏற வேண்டும். உச்சி 2,243 மீற்றர். யாத்திரைக் காலம் டிசம்பர் போயாவிலிருந்து மே மாத வெசாக் போயா வரை. அதற்கு வெளியே மழையும் அட்டையும்தான். நீங்கள் சொல்லும் பெப்ரவரி நல்ல மாதம். போயாவையும் சனி ஞாயிறையும் மட்டும் தவிருங்கள்.

உச்சியில் சப்பாத்தைக் கழற்ற வேண்டும். தரை ஐஸ்மாதிரி இருக்கும், ஆளுக்கு இரண்டு சோடி காலுறை எடுங்கள். மாற்றுச் சட்டையும் வேண்டும். மத்தியானத்துக்குப் பிறகு முகில் மூடிவிடும். அதற்குள் இறங்கத் தொடங்குங்கள். ஏறும்போது சிரித்த பிள்ளை இறங்கும்போதுதான் அழும். படிகள் பெரியவர் காலுக்குக் கட்டியவை, சின்னவன் ஒவ்வொன்றிலும் குதித்துத்தான் இறங்குவான். கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், கடைசி ஒரு மணி நேரம் முதுகில் சுமக்கவும் ஆள் வேண்டும்.

அந்த ஆள் உங்கள் வீட்டுக்காரர். உதயம் பார்த்தே தீருவேன் என்றால் முதல்நாள் ராத்திரி அவர் தனியாகப் போய் வரட்டும். ஆனால் விடிய ஆறு மணிக்கு, முழங்கால் வலிக்கிறது என்று மட்டும் அவர் சொல்லக்கூடாது.