பதினேழு வயதில் ஒரு வழக்கு: சிறார் நீதி பற்றிய கேள்விகளும் பதில்களும்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்த கேள்விகளில், பலருக்கும் பயன்படக்கூடிய சிலவற்றுக்கு ஒரு வழக்கறிஞராக இங்கே பதிலளிக்கிறேன். 2016 ஜனவரி 15 முதல் நடைமுறையில் இருக்கும் 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமே இவற்றுக்கு அடிப்படை.

கேள்வி (பாலக்கோட்டிலிருந்து ஒரு தாய்): ஐயா, என் மகனுக்கு 17 வயது. பக்கத்துத் தோட்டத்தில் கிணற்று மோட்டாரின் செம்புக் கம்பியை வெட்டி எடுத்ததாக, இருபது வயதைக் கடந்த இரண்டு பேரோடு சேர்த்துப் பிடித்துப் போனார்கள். ஓர் இரவு முழுக்க லாக்கப்பில் இருந்தான். இது முறையா?

பதில்: முறையல்ல, அம்மா. 18 வயது நிறையாத எவரையும், எந்தக் குற்றச்சாட்டாக இருந்தாலும், லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கக் கூடாது, விலங்கிடவும் கூடாது. பிடித்தவுடன் குழந்தைகள் நல காவல் அலுவலரிடம் ஒப்படைத்து, பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். அந்தக் குழுமத்தில் ஒரு நீதித்துறை நடுவரும் இரண்டு சமூகப் பணியாளர்களும் இருப்பார்கள். சமூகப் பணியாளர்களில் ஒருவராவது பெண்ணாக இருப்பார். லாக்கப்பில் வைத்ததை அங்கே தயங்காமல் சொல்லுங்கள்.

சிறுவர்கள் மீது பொதுவாக முதல் தகவல் அறிக்கை பதிவதில்லை என்றாலும், பெரியவர்களோடு சேர்ந்து செய்ததாகச் சொல்லப்படும்போது பதிய விதிகள் இடம் தருகின்றன. அப்படிப் பதிந்தாலும், உங்கள் மகனின் விசாரணை அந்த இருவரின் வழக்கோடு சேர்த்து நடத்தப்படாது. பிணை தருவதே இங்கு பொது விதி. வெளியே விட்டால் குற்றவாளிகளோடு சேர்ந்துவிடுவான், அவனுக்கே ஆபத்து நேரும், அல்லது நீதியின் நோக்கம் கெடும் என்று கருத நியாயமான காரணம் இருந்தால் மட்டுமே, அதை எழுத்தில் பதிவு செய்து மறுக்கலாம். மூன்று ஆண்டு வரை மட்டுமே தண்டனை உள்ள சாதாரணத் திருட்டு சிறு குற்றமாகக் கருதப்படும் என்பதால், நான்கு மாதத்திலும், நீட்டித்தால் மேலும் இரண்டு மாதத்திலும் விசாரணை முடியாவிட்டால், நடவடிக்கை அத்துடன் நின்றுவிடும். வாய்தா வாங்கியே பழகிய எங்களுக்கு இது சற்றுக் கடினமான கணக்குதான்! வழக்கறிஞர் செலவை எண்ணிக் கலங்க வேண்டாம்; மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக ஒருவரை அமர்த்தித் தரும்.

கேள்வி (அரூர்): ஆதாரில் ஒரு வயது, பள்ளிச் சான்றில் ஒரு வயது. எது செல்லும்?

பதில்: பள்ளிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்றுதான் முதலில். அது இல்லாதபோது உள்ளாட்சி அமைப்பு தந்த பிறப்புச் சான்று; இரண்டும் இல்லாதபோதுதான் எலும்புப் பரிசோதனை. ஆதார் அந்த வரிசையிலேயே இல்லை. குற்றம் நடந்ததாகச் சொல்லப்படும் நாளில் இருந்த வயதே கணக்கு; வழக்கு முடிந்த பிறகும்கூட இந்தக் கோரிக்கையை எழுப்பலாம்.

கேள்வி (ஓசூர்): கொலை செய்தவனும் மூன்று ஆண்டில் வெளியே வந்துவிடுகிறான். இது பாதிக்கப்பட்டவருக்குச் செய்யும் அநீதி இல்லையா?

பதில்: உங்கள் கோபம் புரிகிறது, ஆனால் சட்டம் இப்போது அப்படியே இல்லை. 2012 டிசம்பரில் டெல்லியில் 17 வயதுச் சிறுவன் ஒருவனும் சேர்ந்து செய்த கூட்டுப் பாலியல் கொடுமைக்குப் (நிர்பயா வழக்கு) பின் எழுந்த குரல்களால், 2015-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு மாற்றம் வந்தது. குறைந்தபட்சத் தண்டனையே ஏழு ஆண்டோ அதற்கு மேலோ உள்ள கொடுங்குற்றத்தை, 16 வயது நிறைந்தவர் செய்ததாகக் குற்றம் சாட்டப்பட்டால், அவருடைய மன, உடல் திறனையும், விளைவை உணரும் ஆற்றலையும், சம்பவத்தின் சூழலையும் குழுமம் முதலில் மதிப்பிடும். தேவையெனக் கண்டால் குழந்தைகள் நீதிமன்றத்துக்கு அனுப்பும். பெரியவராக விசாரிக்க வேண்டுமா என்பதை அந்த நீதிமன்றம் மீண்டும் தானே முடிவு செய்யும். அங்கே மூன்று ஆண்டுக்கு மேலும் தண்டனை விதிக்கலாம். ஆனால் மரண தண்டனையும், விடுதலைக்கு வழியில்லாத ஆயுள் தண்டனையும் கிடையாது. 21 வயது வரை சிறைக்கு அனுப்பாமல் பாதுகாப்பான இடத்தில் வைத்திருப்பார்கள். அதன் பிறகே, அவர் திருந்தியிருக்கிறாரா என்று பார்த்து, விடுதலையா சிறையா என்பது தீர்மானமாகும்.

இந்த மதிப்பீடு சில மணி நேர உரையாடலோடு முடிந்துவிடக் கூடாது என்பதே என் கவலை. ஒரு சிறுவன் சம்பவத்தன்று என்ன நினைத்தான் என்பதைப் பல மாதம் கழித்து அறிவது, மனநல நிபுணருக்கும் எளிதல்ல.

கேள்வி (ஊத்தங்கரை): 15 வயதில் குழுமத்தில் ஒரு வழக்கு முடிந்தது. இப்போது வேலைக்கான காவல்துறைச் சரிபார்ப்பில் அது வருமா?

பதில்: வரக்கூடாது. முடிந்த வழக்கின் பதிவை நடத்தைச் சான்றுக்காகக் காவல்துறை வெளியிட முடியாது. அந்தத் தீர்ப்பு உங்களுக்கு எந்தத் தகுதியிழப்பையும் உண்டாக்காது. கேட்டால், சட்டத்தின் 24, 74 ஆகிய பிரிவுகளைக் குறிப்பிட்டு எழுத்தில் பதில் கொடுங்கள்.