நம்பையை அப்கிரேட் செய்தேன், பாண்டாஸ் நின்றுவிட்டது

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்ட அலுவலகத்தில் கிராணியாக இருக்கிறேன். மழை அளவையும் குலை எடையையும் எக்ஸெல் கோப்பிலிருந்து எடுத்து ஒப்பிட, பழைய பைத்தான் நிரல் ஒன்றை ஓட்டி வந்தேன். பைத்தானில் எண் கணக்குக்கான நம்பை பொதியை அப்கிரேட் செய்ததும் 'நம்பை டிடைப் சைஸ் சேஞ்ச்ட்' என்று சொல்லி, அட்டவணைகளைக் கையாளும் பாண்டாஸ் பொதி நின்றுவிட்டது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி போடட்டுமா? இங்கே இணைய லைனும் சுமார்தான்.

பதில்: அழிக்க வேண்டாம். நிரலில் கோளாறு இல்லை, பதிப்புகள்தான் ஒத்துப்போகவில்லை.

நம்பை 2.0 வெளியானது 2024 ஜூனில். 2006-க்குப் பிறகு வந்த முதல் பெரிய பதிப்பு அது. உள்ளே தரவு வகையின் விவரங்களை அடுக்கும் முறையையே மாற்றினார்கள். பாண்டாஸின் வேகமான பகுதிகள் பழைய அடுக்கை நம்பிக் கம்பைல் ஆனவை, அதாவது முன்கூட்டியே கணினி மொழிக்கு மாற்றப்பட்டவை. அதனால் உங்களிடம் உள்ள பழைய பாண்டாஸுக்குப் புது நம்பை புரியவில்லை. பாண்டாஸ் 2.2.2-இலிருந்துதான் இரண்டும் ஒத்துப்போகின்றன. அப்கிரேட் முடிந்ததும், பைத்தான் பொதிகளைப் போடும் கருவியான பிப் சில நேரம் சிவப்பு எழுத்தில் முணுமுணுக்கும். கடைசி வரியில் 'சக்சஸ்ஃபுலி' என்று பார்த்துவிட்டு யாரும் அதைப் படிப்பதில்லை.

இனி ஒரு வேலைக்கு ஒரு தனிச் சூழல் வைத்துக்கொள்ளுங்கள். கமாண்ட் பிராம்ப்டில் 'பைத்தான் -எம் வென்வ் மகசூல்' என்று அடித்தால் மகசூல் என்ற ஃபோல்டர் உருவாகும். (கட்டளைகளை ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும், தெரிந்ததுதான்.) அதற்குள் ஸ்கிரிப்ட்ஸ் ஃபோல்டரில் இருக்கும் ஆக்டிவேட்டை ஓட்டுங்கள். விண்டோஸின் இன்னொரு கட்டளைச் சாளரமான பவர்ஷெல்லில் அடித்து, அது மறுத்தால் அதோடு மல்லுக்கட்டாமல் கமாண்ட் பிராம்ப்டுக்கே வாருங்கள். வரியின் முன்னால் அடைப்புக்குறிக்குள் மகசூல் என்று வந்தால் சரி. இனி போடுவது எல்லாம் அந்த ஃபோல்டருக்குள் மட்டும்தான் போகும்.

அங்கே பாண்டாஸைப் புதிதாகப் போட்டால் பொருந்தும் நம்பையை அதுவே கொண்டுவரும். ஓபன்பைஎக்ஸெல்லை மட்டும் நீங்கள்தான் சேர்க்க வேண்டும். எக்ஸெல் கோப்பைத் திறக்க அது தேவை, ஆனால் பாண்டாஸ் அதைக் கட்டாயத் தேவையாக வைக்கவில்லை. பழைய நிரல் புதுப் பாண்டாஸில் ஓடாவிட்டால், உங்களிடம் இருந்த பழைய பாண்டாஸ் பதிப்பைக் குறிப்பிட்டு, கூடவே "நம்பை<2" என்று போடுங்கள். மேற்கோள் குறியை விட்டுவிடாதீர்கள். விட்டால் விண்டோஸ் '<' குறியைப் பார்த்து '2' என்ற கோப்பைத் தேடப் போய்விடும்.

பைத்தானின் ஆகப் புதிய பதிப்புக்கும் ஆசைப்பட வேண்டாம். அதற்கான வீல், அதாவது முன்பே கம்பைல் செய்த பொதி, இன்னும் வராவிட்டால் பிப் உங்கள் கணினியிலேயே கம்பைல் செய்யப் பார்க்கும். 'விஷுவல் சி பிளஸ் பிளஸ் 14 வேண்டும்' என்று கேட்பது அப்போதுதான். ஒரு பதிப்பு பின்னால் இருப்பதே நிம்மதி.

லைன் விஷயம். எல்லாம் ஓடியதும் 'பிப் ஃப்ரீஸ்' தரும் பட்டியலை ரிக்குவயர்மென்ட்ஸ் கோப்பில் சேமியுங்கள். ஈப்போ போகும்போதோ நல்ல வைஃபை கிடைக்கும் இடத்திலோ 'பிப் டவுன்லோட்' கொடுத்து அந்தப் பட்டியலில் உள்ள பொதிகளைப் பென்டிரைவில் இறக்கிக்கொள்ளலாம். இறக்கும் கணினியிலும் விண்டோஸும் அதே பைத்தான் பதிப்பும் இருக்கட்டும். அலுவலகத்தில் 'பிப் இன்ஸ்டால்' கொடுக்கும்போது 'நோ-இண்டெக்ஸ்' சேர்த்து, 'ஃபைண்ட்-லிங்க்ஸ்' மூலம் பென்டிரைவைக் காட்டினால் இணையமே வேண்டாம்.