குரோஷியக் கால்பந்து வீரர் லூகா மோட்ரிச் நாட்டுக்காக ஒரு கோப்பைகூட ஜெயிக்கவில்லையே, பிறகு ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்? குரோஷியா எப்போதாவது ஜெயிக்குமா?

கேட்டவர் யூரோ 2024-ஐ (ஐரோப்பிய நாடுகளுக்கான கால்பந்துக் கோப்பை) மட்டும் பார்த்துவிட்டுக் கேட்கிறார் என்று நினைக்கிறேன். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2024 ஜூனில் ஜெர்மனியின் லைப்சிக்கில் குரோஷியா இத்தாலியிடம் 98வது நிமிடத்தில் கோல் வாங்கி, ஆட்டம் 1-1 ஆனது. ஜெயிக்க வேண்டிய ஆட்டம் கைநழுவியது. ஆட்டநாயகன் விருதைக் கையில் பிடித்துக்கொண்டு, இழவு வீட்டுக்கு வந்தவர் முகத்தோடு மோட்ரிச் நின்ற படத்தைப் பார்த்திருப்பீர்கள். 'இவருக்குப் போய் இத்தனை பில்டப்பா' என்று தோன்றியிருக்கும்.

எனக்கு இந்தக் கேள்வி வேறொரு இடத்தில் குத்துகிறது. 2022 டிசம்பர் 9-ஆம் தேதி, உலகக் கோப்பையில் குரோஷியா - பிரேசில் காலிறுதியை கத்தாரின் எஜுகேஷன் சிட்டி ஸ்டேடியத்தில் நேரில் பார்த்தவன் நான். முழுசாகப் பார்க்கவில்லை. அதுதான் விஷயம்.

அப்போது தோஹாவில் ஏசி டெக்னீசியன். நஜ்மா பகுதியில் ஐந்து பேர் ஒரு ரூம். என் ரூம்மேட் ஒருவர், கோழிக்கோட்டுக்காரர், அர்ஜென்டினா வெறியர். எப்படியோ மறுவிற்பனையில் இரண்டு டிக்கெட் பிடித்தார். என் பங்குக்கு ஒரு மாதச் சாப்பாட்டுக் காசு போனது. நான் மஞ்சள் ஜெர்சி போட்டுப் போனேன். ஆமாம், அன்றைக்கு நான் பிரேசில் பக்கம். இதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

தொண்ணூறு நிமிடம் கோல் இல்லை. பிரேசில் அடித்துக்கொண்டே இருந்தது, குரோஷியா கோல்கீப்பர் லிவாகோவிச் பிடித்துக்கொண்டே இருந்தார். மேலே உட்கார்ந்து பார்த்தபோது ஒன்று புரிந்தது. டிவியில் பந்து இருக்கும் இடம்தான் தெரியும். நேரில், பந்து அடுத்து எங்கே வரப்போகிறதோ அங்கே அந்தப் பத்தாம் நம்பர், மோட்ரிச், முன்கூட்டியே போய் நிற்பது தெரிகிறது. வயது 37. நடக்கிறார், நிற்கிறார், தலையைத் திருப்பிப் பார்க்கிறார், பந்தை வாங்கிக் கொடுக்கிறார். அவ்வளவுதான். ஆனால் பிரேசிலுக்கு மூச்சு முட்டியது.

கூடுதல் நேரத்தின் (30 நிமிடம்) முதல் பாதி முடியும்போது நெய்மர் கோல் போட்டார். பிரேசிலுக்காகப் பெலே போட்ட 77 கோல் சாதனையைச் சமன் செய்த கோல் அது. ஸ்டேடியம் மஞ்சளாகக் குதித்தது. ரூம்மேட் என் கையைப் பிடித்து இழுத்தார். பத்து மணிக்கு அர்ஜென்டினா - நெதர்லாந்து ஆட்டம், கூட்டம் ஏறுவதற்குள் மெட்ரோவைப் பிடித்தால் ரூமுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டே பார்க்கலாம் என்றார். குரோஷியா அதுவரை கோலை நோக்கிச் சரியாக ஒரு ஷாட்கூட அடிக்கவில்லை. நானும் சரி என்றேன். எழுந்து வந்துவிட்டோம்.

வாசலைத் தாண்டி மெட்ரோ பக்கம் போய்க்கொண்டிருக்கும்போது பின்னால் ஒரு சத்தம். ஆயிரக்கணக்கான பேர் சேர்ந்து 'அய்யோ' சொன்ன மாதிரி இருந்தது, அதற்கு நடுவில் ஒரு மூலையிலிருந்து மட்டும் வெறிக் கத்தல். 117வது நிமிடம். குரோஷியாவின் பெட்கோவிச் அடித்து, பிரேசிலின் மார்கின்யோஸ் காலில் பட்டுத் திரும்பிய கோல். திரும்ப உள்ளே விடமாட்டார்கள். 1-1 ஆனதால் வந்த பெனால்டி வரிசையை ஒரு கென்யா செக்யூரிட்டிக்காரரின் போனில் பார்த்தோம். போனில் படம் பத்து நொடி தாமதம், சத்தம் உள்ளேயிருந்து முதலிலேயே வந்துவிடும். ஸ்டேடியம் அமைதியானால் குரோஷியாவுக்கு நல்லது என்று கணக்கு வைத்துக்கொண்டோம். பிரேசிலின் ரோட்ரிகோ அடித்தபோது அமைதி. மோட்ரிச் அடித்தபோது அமைதி. மார்கின்யோஸ் போஸ்ட்டில் அடித்தபோது மறுபடி அந்த 'அய்யோ'. குரோஷியா ஜெயித்துவிட்டது.

இப்போது கேள்விக்கு வருகிறேன். குரோஷியாவின் மக்கள்தொகை நாற்பது லட்சம்கூட இல்லை. 1991-இல் சுதந்திரம் அறிவித்த நாடு. அந்தப் போரில்தான் மோட்ரிச்சின் தாத்தாவைச் சுட்டுக் கொன்றார்கள், பேரனுக்கு அப்போது ஆறு வயது. குடும்பம் அகதியாக சாடார் நகரத்தில் ஒரு ஹோட்டலில் தங்கியது. அப்படிப்பட்ட நாடு 1998-இல் உலகக் கோப்பையில் மூன்றாமிடம், 2018-இல் இறுதிப் போட்டி, 2022-இல் மறுபடி மூன்றாமிடம். 2018-இல் டென்மார்க், ரஷ்யா, இங்கிலாந்து என்று வரிசையாக மூன்று ஆட்டம் கூடுதல் நேரம். கூட்டினால் 90 நிமிடம், அதாவது ஒரு முழு ஆட்டம் அதிகம் ஆடிவிட்டுத்தான் பிரான்ஸ் முன்னால் போய் நின்றார்கள். 4-2 தோல்வி. தொடரின் சிறந்த ஆட்டக்காரருக்கான தங்கப் பந்தை மழையில் நனைந்துகொண்டு மோட்ரிச் வாங்கினார். அப்போதும் அதே இழவு முகம்தான்.

'டென்மார்க் 1992-இலும் கிரீஸ் 2004-இலும் ஜெயிக்கவில்லையா' என்று யாராவது வருவீர்கள். ஜெயித்தார்கள், யூரோவை. அடுத்த உலகக் கோப்பைக்கு இரண்டு நாடும் தகுதிகூடப் பெறவில்லை, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ரியல் மாட்ரிட் கிளப்போடு ஆறு சாம்பியன்ஸ் லீக் (ஐரோப்பிய கிளப் கோப்பை) ஜெயித்ததை நான் இழுக்கவே இல்லை, கேள்வி நாட்டைப் பற்றியது. 2018-இல் அவர்மேல் வந்த பொய்ச்சாட்சி வழக்கை எடுத்து வருபவர்களுக்கு, அது அந்த ஆண்டுக்குள்ளேயே தள்ளுபடியானது. அவர் மகான் என்று நான் எழுதவில்லை.

ஏன் கொண்டாடுகிறார்கள் என்று கேட்டால், மோட்ரிச்சின் பெனால்டியை மட்டும் பாருங்கள். 2008 யூரோவில் துருக்கியோடு வெளியே அடித்தார். 2018-இல் டென்மார்க்கோடு 116வது நிமிடத்தில் அவர்கள் கோல்கீப்பர் ஷ்மைக்கேல் பிடித்தார், கொஞ்ச நேரத்தில் பெனால்டி வரிசையில் மறுபடி வந்து அதே ஷ்மைக்கேலுக்கு எதிராகப் போட்டார். 2024 யூரோவில் இத்தாலி கோல்கீப்பர் டொன்னருமா தடுத்தார், அடுத்த நிமிடத்துக்குள் மோட்ரிச்சே கோல் போட்டார். 2023 நேஷன்ஸ் லீக் (ஐரோப்பிய நாடுகள் ஆடும் இன்னொரு தொடர்) இறுதியில் ஸ்பெயினோடு தன் பெனால்டியைப் போட்டார், மற்ற இருவர் தவறவிட்டார்கள். கோப்பைக்கு அவ்வளவு பக்கத்தில் போனது அன்றைக்குத்தான்.

(சம்பந்தமில்லாதது, ஆனால் தோஹா பேச்சு வந்ததால்: உலகக் கோப்பை முடிந்து இரண்டாவது மாதம் கம்பெனி எங்களில் பாதிப் பேரை அனுப்பிவிட்டது. ஒன்பது வருட சர்வீஸ் பணத்தில் இரண்டு வருடத்தைக் காணோம். கேட்டால் பழைய காண்ட்ராக்ட் வேறு பெயரில் இருந்ததாம். அந்த ஸ்டேடியங்களைப் பற்றி யாராவது பெருமையாகப் பேசினால் எனக்கு முதலில் அந்தக் கணக்குத் தாள்தான் ஞாபகம் வரும்.)

குரோஷியா ஜெயிக்குமா? உலகக் கோப்பை ஜெயித்ததிலேயே சின்ன நாடு உருகுவே. அது கடைசியாக ஜெயித்தது 1950-இல். கஷ்டம்தான். ஆனால் தடுப்பாட்டக்காரன் குவார்டியோல் இருக்கிறான், சின்னப் பையன். நான் இனி இடையில் எழுந்து போகமாட்டேன், அவ்வளவுதான் சொல்ல முடியும்.

என் அக்கா மகன் கால்பந்துப் பைத்தியம். பெட்கோவிச்சின் அந்த கோலை மாமா நேரில் பார்த்ததாக இன்றுவரை ஸ்கூலில் சொல்லிக்கொண்டு திரிகிறான். அவனுக்கு இந்தத் தளத்தில் கணக்கு இல்லை என்று நம்புகிறேன்.